போர் முடிந்த நாட்டில் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தால் பேச வருவது யார்?

மதி_மன்னார்குடி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போர் ஓய்ந்த நாடுகளுக்கு ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் போய் அரசை அமைத்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். போஸ்னியா, கொசோவோ, கிழக்குத் திமோர் மூன்றையும் எடுத்திருக்கிறேன். கிடைத்த புத்தகங்களில் தேர்தல், போலீஸ் பயிற்சி, நீதிமன்றச் சீர்திருத்தம், தனியார்மயம் எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. ஜனங்கள் தெருவுக்கு வந்த இடம் மட்டும் "பதற்றம்", "அமைதிக்கு ஆபத்து" என்று இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது.

இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நெடுவாசல், கதிராமங்கலம் எண்ணெய், எரிவாயுக் கிணறு எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்த 2017இல் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டில், டியூஷனில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. அரசு என்றால் என்ன, அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது அந்தப் பேச்சிலிருந்துதான். அப்படியிருக்க, போராட்டத்தை வெறும் இடைஞ்சலாக எழுதுவதை எப்படி ஏற்பது?

என் கேள்வி: அந்த நாடுகளில் மக்கள் யாரை எதிர்த்துப் போராடுகிறார்கள்? சொந்த ஊர் அரசியல்வாதிகளையா, வெளியிலிருந்து வந்து அரசை அமைத்தவர்களையா? போராடி ஏதாவது கிடைத்ததா? "நிறுவனங்கள் வலுப்பட்ட பிறகுதான் போராட்டத்துக்கு இடம், முந்திக்கொண்டால் மறுபடி சண்டைதான்" என்கிறார் எங்கள் பேராசிரியர். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

வெண்ணாறு:

மதிம்மா, போஸ்னியாவின் துஸ்லா நகரத்திலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அதற்கு முன்னால் ஒன்று. நான் நீடாமங்கலம் பக்கம் விவசாய சங்கத்தில் பல வருடம் இருந்தவன். நம் ஊரில் சாலை மறியல் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முறைத் தண்ணீர் வந்து சேரவில்லை, அல்லது கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை மழையில் நனைகிறது, ஜனங்கள் ரோட்டில் உட்காருகிறார்கள். முதலில் இன்ஸ்பெக்டர் வருவார், அப்புறம் தாசில்தார், விஷயம் பெரிதானால் ஆர்.டி.ஓ. பேச்சுவார்த்தை நடக்கும், இத்தனை நாளில் செய்கிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்ததைச் செய்கிறார்களா என்பது தனிச் சண்டை. ஆனால் வந்து நிற்க ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், ஏறிப்போனால் கடைசியில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர் இருக்கிறார். போஸ்னியாவில் இந்தத் தொடர்ச்சிதான் அறுந்து கிடந்தது.

1995 டேட்டன் ஒப்பந்தம் போரை நிறுத்தியது. அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த நாட்டின் அரசியல் சாசனமே அந்த ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்பு. ஜனங்கள் அதற்கு வாக்களித்ததே இல்லை. நாட்டுக்குள் இரண்டு தனித்தனி ஆட்சிப் பகுதிகள், அதில் ஒன்றுக்குள் 10 கான்டன்கள் (நம் மாவட்டம் மாதிரி), ஒவ்வொரு கான்டனுக்கும் ஒரு பிரதமர், மந்திரிசபை. மொத்த ஜனத்தொகை சுமார் 35 லட்சம்தான். நாட்டின் தலைமைப் பொறுப்பில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) ஒருவர், குரோட் ஒருவர், செர்ப் ஒருவர் என மூன்று பேர். இந்த மூன்றிலும் சேராத யூதரோ ரோமா இனத்தவரோ அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது. இது பாகுபாடு என்று 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் மாறவில்லை.

இத்தனைக்கும் மேலே உயர் பிரதிநிதி என்று ஒருவர், வெளிநாடுகள் நியமிப்பவர். 1997 டிசம்பரில் பான் நகரில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு, சட்டத்தைத் தானே பிறப்பிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பதவியிலிருந்து தூக்கவும் அவருக்கு அதிகாரம் வந்தது. நல்லதும் நடந்தது. எந்த ஊர் வண்டி என்று தெரியாத பொது நம்பர் பிளேட்டை 1998இல் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ஜனங்கள் பயமில்லாமல் அடுத்த பகுதிக்கு வண்டி ஓட்டிப் போக முடிந்தது. அதே அதிகாரத்தை வைத்து 2004இல் அப்போது உயர் பிரதிநிதியாக இருந்த பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் சுமார் 60 பேரைப் பதவி நீக்கினார். நீக்கப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, நீக்கியவரை யார் கேட்பது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இப்போது துஸ்லா. உப்பும் ரசாயனத் தொழிலும் வளர்ந்த ஊர். போருக்குப் பிறகு, கான்டன் தனியார்மய முகமைகள் வழியாக ஆலைகளை விற்றார்கள். சோப்புத்தூள் செய்த டீட்டா மாதிரியான ஆலைகள் நொடித்துப்போயின. தொழிலாளிக்குச் சம்பள பாக்கி. கட்ட வேண்டிய ஓய்வூதியப் பணமும் மருத்துவக் காப்பீடும் கட்டப்படவில்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பயனில்லை. இவர்கள் மாதக்கணக்கில் கூடிக் கூடிக் கேட்டும் பேச வந்தவர் யாரும் இல்லை. 2014 பிப்ரவரி 5ஆம் தேதி கான்டன் அலுவலகத்துக்கு முன் கூடினார்கள். 7ஆம் தேதி அந்தக் கட்டடம் எரிந்தது. தலைநகர் சாரயேவோவில் குடியரசுத் தலைமைக் கட்டடத்தில் தீ, அங்கிருந்த ஆவணக் காப்பகத்தின் ஒரு பகுதியும் போனது. அது பெரிய இழப்பு, நியாயப்படுத்த மாட்டேன். நான்கு கான்டன் பிரதமர்கள் ராஜினாமா செய்தார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் உங்கள் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன என்று நினைக்கிறேன். ஊர் ஊராகத் திறந்த கூட்டம் போட்டார்கள். பிளேனம் என்று பெயர். கட்சி இல்லை, மேடைத் தலைவர் இல்லை, யாரும் வரலாம், ஆளுக்குச் சில நிமிடம் பேசலாம், ஆளுக்கு ஒரு கை தூக்கல். துஸ்லா பிளேனம் கேட்டவை: அந்த ஆலைகளின் விற்பனையைத் திரும்ப ஆராய வேண்டும், தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பதவி போன பிறகும் அரசியல்வாதிகள் ஒரு வருடம் வரைக்கும் வாங்கும் சம்பளத்தை நிறுத்த வேண்டும். கடைசியில் சொன்னதை அங்கே "வெள்ளை ரொட்டி" என்பார்கள், துஸ்லாவில் அதை ரத்து செய்ய வைத்தார்கள். "மூன்று மொழியிலும் பசிக்கிறோம்" என்று ஒரு தட்டி பிடித்திருந்தார்கள். இனவாரியாக ஓட்டு, இனவாரியாகப் பதவி என்று கட்டிய நாட்டில் ஜனங்கள் இனத்தைச் சொல்லாமல் கேட்ட முதல் பெரிய கேள்விகளில் ஒன்று அது. (அதற்கு முந்தின ஜூனிலும் ஒன்று நடந்தது. கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டு சட்டம் காலாவதியாகிவிட, பிறந்த குழந்தைகளுக்கு அடையாள எண்ணே கிடைக்கவில்லை. எண் இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது, வெளிநாட்டில் வைத்தியம் கிடையாது. பெற்றோர்கள் நாடாளுமன்றத்தையே சூழ்ந்துகொண்டார்கள்.)

இதற்குச் சர்வதேசத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அப்போதைய உயர் பிரதிநிதி வாலன்டின் இன்ஸ்கோ, நிலைமை முற்றினால் ஐரோப்பியப் படையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று பேட்டி கொடுத்தார். சம்பளம் கேட்டவர்களிடம் படையைப் பற்றிப் பேசினார்! அதை முதலில் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடவாசல்_கண்ணன்:

வெண்ணாறு ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான். செர்பியாவோடு இருந்த, அல்பேனியர் பெரும்பான்மையான கொசோவோவில் 2004 மார்ச் 17, 18 இரண்டு நாளில் அல்பேனியக் கூட்டம் கூடி என்ன நடந்தது என்று பாருங்கள். அதுவும் "உள்ளூர் மக்கள் தெருவுக்கு வந்தது"தான். 19 பேர் செத்தார்கள், செர்பியர்களும் ரோமாக்களுமாக நாலாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள், சர்ச்சுகள் எரிந்தன. போர் முடிந்து ஐந்தே வருடம் ஆன ஊரில் கூட்டம் கூடினால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? பேராசிரியர் பயப்படுவது சும்மா இல்லை.

ஆடுதுறை_43:

கண்ணன், அந்தத் தேதியைச் சொன்னது நல்லது. ஆனால் கொசோவோ கதையை அங்கே நிறுத்தக்கூடாது.

1999 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1244ஆம் தீர்மானத்தின்படி அன்மிக் என்ற ஐ.நா. நிர்வாகம் வந்தது. சட்டம் போடுவது, நிர்வாகம் செய்வது, நீதிபதியை நியமிப்பது எல்லாமே கடைசியில் ஐ.நா. பொதுச்செயலர் அனுப்பிய ஒருவரின் கையில். அன்மிக் ஊழியர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, அவர்கள் மேல் உள்ளூரில் வழக்குப் போட முடியாது. அன்மிக் தானே ஏற்படுத்திய குறைதீர்ப்பு அலுவலகம், ஒரு கட்டத்தில் அன்மிக்கையே கடுமையாக விமர்சித்தது. ஜனநாயக முறைப்படி அமைந்த நிர்வாகம் அல்ல இது, சட்டத்தின் ஆட்சியின்படியும் நடக்கவில்லை என்று ஆண்டறிக்கையிலேயே எழுதியது. பின்னால் 2006இல் அன்மிக் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரம் அந்த அலுவலகத்திடமிருந்து எடுக்கப்பட்டது.

இந்தச் சூழலில்தான் 2005இல் அல்பின் குர்த்தியும் நண்பர்களும் வெட்டவென்டோஸியே இயக்கத்தை ஆரம்பித்தார்கள். பேச்சுவார்த்தை வேண்டாம், சுயநிர்ணயம் வேண்டும் என்று ஊர் முழுக்கச் சுவரில் எழுதினார்கள், அன்மிக் கட்டடச் சுவரிலும். 2007 பிப்ரவரி 10ஆம் தேதி தலைநகர் பிரிஸ்டினாவில் அஹ்திசாரி திட்டத்தை, அதாவது கொசோவோவின் எதிர்காலத்துக்கு ஐ.நா. தூதர் வகுத்த திட்டத்தை, எதிர்த்து ஊர்வலம். ஐ.நா. போலீஸில் இருந்த ருமேனியப் பிரிவு ரப்பர் குண்டு சுட்டதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். உள்துறை அமைச்சர் விலகினார், ஐ.நா. போலீஸ் ஆணையரும் விலக வேண்டி வந்தது. ஆனால் விசாரணை முடிவதற்குள் அந்தப் போலீஸ்காரர்கள் ருமேனியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். யார் சுட்டது என்பதற்கு நீதிமன்றத்தில் இன்றுவரை பதில் இல்லை. ஊர்வலம் நடத்திய குர்த்திக்கு மட்டும் கைது, வீட்டுக்காவல், வழக்கு எல்லாம்.

இதைத்தான் மதி கட்டுரையில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் போலீஸ் சுட்டால் நீதி கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை, கிடைக்காததற்கு உதாரணம் நிறைய உண்டு. ஆனால் கேட்க வேண்டிய வாசல் எது என்று தெரியும். கலெக்டர் ஆபீஸ், ஐகோர்ட், சட்டசபை. கொசோவோவில் அந்த வாசல் விமானம் ஏறிப் போய்விட்டது. வெளியிலிருந்து வரும் நிர்வாகம் கணக்குச் சொல்வது நியூயார்க்குக்கும் பிரசெல்ஸுக்கும், பணம் கொடுத்த நாடுகளுக்கும். ஆளப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு எங்கேயும் எழுதப்படவில்லை. அந்தக் கட்டாயத்தை உண்டாக்கப் பார்ப்பதுதான் போராட்டம். அதனால்தான் நான் இதை அரசு அமைப்பதன் ஒரு பாகமாகவே பார்க்கிறேன், அதற்கு எதிரானதாக அல்ல.

தரங்கை_அலை:

மதி, உன் மூன்றாவது நாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நிவாரண வேலையில் இருந்தேன். நாகையில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். வெளிநாட்டு அமைப்புகள், வடநாட்டு அமைப்புகள், எல்லோரும் வந்தார்கள், நல்ல மனதோடுதான் வந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எங்கள் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் கேட்டார்கள். ஃபைபர் படகு மளமளவென்று இறங்கியது, சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகவே. அதே நேரம் மீன் கூடை சுமந்து விற்கிற பெண்கள், உப்பளத் தொழிலாளிகள், கரையோரத் தலித் கூலிக் குடும்பங்கள் பட்டியலில் வரவே இல்லை. படகு உள்ளவனுக்குத்தானே படகு இழப்பு. அவர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்ற பிறகுதான் பட்டியல் கொஞ்சமாவது நீண்டது.

கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் சுதந்திரம் கேட்டார்கள், இந்தோனேசியப் படையும் அதன் கூலிப்படைகளும் ஊரையே எரித்துவிட்டுப் போனார்கள். ஐ.நா. நிர்வாகம் வந்தது, செர்ஜியோ வியேரா டி மெல்லோ தலைமையில். சட்டம், நிர்வாகம் இரண்டும் அவர் கையில். வீடெல்லாம் கரியாகக் கிடந்த தலைநகர் டிலியின் துறைமுகத்தில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்க மிதக்கும் ஓட்டலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், வேலையில்லாத இளைஞர்கள் கரையில் நின்று அதைப் பார்த்தார்கள். கிராமங்களில் உலக வங்கித் திட்டம் ஒன்று புதிதாகக் கிராமக் குழுக்களை உண்டாக்கியது. ஆணும் பெண்ணும் சரிபாதி, பழைய தலைவர்களுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்குச் சரிபாதி என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் பணம் குழுவிடம், தகராறு தீர்க்கும் அதிகாரம் பழைய தலைவரிடம், இரண்டும் ஒட்டவே இல்லை. திட்டப் பணம் தீர்ந்ததும் குழுக்கள் வலுவிழந்துபோயின.

2002 மே 20 சுதந்திரம். அதே டிசம்பரில் டிலியில் மாணவர் போராட்டம் கலவரமாகி, பிரதமர் மாரி அல்கதிரியின் வீடு எரிந்தது. 2006இல் ராணுவத்தில் பாகுபாடு என்று முறையிட்டு வெளியேறிய சுமார் 600 வீரர்களை வேலையை விட்டே நீக்கினார்கள், அது பெரிதாகி லட்சம் பேருக்கு மேல் முகாமுக்குப் போனார்கள். அந்த வீரர்கள் முதலில் கொடுத்தது ஒரு மனு! மனுவைக் காது கொடுத்துக் கேட்க ஒரு முறை இருந்திருந்தால் அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உங்கள் பேராசிரியருக்கு என் பதில் அதுதான். போராட்டம் முந்திக்கொண்டு வந்து நிறுவனத்தைக் கெடுத்த கதையாக 2006ஐச் சொல்வார்கள். நிறுவனம் கேட்கத் தெரியாமல் கட்டப்பட்ட கதை அது.

மதி_மன்னார்குடி:

ஆடுதுறை அண்ணா, வெண்ணாறு ஐயா, தரங்கை அக்கா, ரொம்ப நன்றி. கண்ணன் அண்ணா சொன்ன 2004ஐயும் கட்டாயம் சேர்க்கிறேன், அதை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது.

இன்னும் இரண்டு சந்தேகம். துஸ்லா பிளேனம் அப்புறம் என்ன ஆனது? இரண்டாவது, இலங்கையில் ஐ.நா. நிர்வாகம் செய்யவில்லை, ஆனால் தீர்மானம் போட்டது, அலுவலகங்கள் அமைக்கச் சொன்னது. அதை இந்தக் கட்டுரையில் சேர்க்கலாமா?

வேதை_கடலோரம்:

இலங்கையைச் சேர்க்கலாம், ஆனால் தனி வகையாக. அங்கே வெளிநாட்டவர் ஆளவில்லை, போரில் ஜெயித்த அரசே ஆண்டது. வெளியிலிருந்து வந்தது அழுத்தமும் வரைபடமும்தான்.

2015 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 30/1 தீர்மானம், இலங்கை அரசே இணைந்து கொண்டுவந்தது. காணாமல் போனோர் அலுவலகம் அதில் ஒரு வாக்குறுதி. மக்களிடம் கருத்துக் கேட்கக் குடிமக்கள் குழு ஒன்றை நியமித்தார்கள். ஆனால் அலுவலகத்துக்கான சட்டம் 2016 ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது, குழுவின் இறுதி அறிக்கை 2017 ஜனவரியில்தான் வந்தது. கேட்டு முடிப்பதற்குள் கட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளை எங்கே என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நஷ்டஈடும் சான்றிதழும் கொடுக்க ஓர் அலுவலகம் இருப்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது என்று அவர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொன்று வட இலங்கையில் இருக்கிற இரணைதீவு. எங்கள் கரையிலிருந்து கடலைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1992இல் இடம்பெயர்ந்த மீனவர்கள், தீவு கடற்படை கையில். 2017 மே முதல் முழங்காவிலில் உட்கார்ந்து கேட்டார்கள், கூட்டங்கள் நடந்தன, முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் தேதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே போய் இறங்கிவிட்டார்கள். அப்புறம்தான் அரசு இறங்கி வந்தது. ஜெனீவா தீர்மானத்தில் நில விடுவிப்பு என்று எழுதியிருந்ததும் உதவியிருக்கலாம், மறுக்கவில்லை. தீவில் கால் வைத்தது அந்த ஜனங்கள்.

வெண்ணாறு:

துஸ்லா பற்றி. 2014 மே மாதம் போஸ்னியாவில் பயங்கர வெள்ளம், கூட்டத்துக்கு வந்தவர்கள் பலர் நிவாரண வேலைக்குப் போனார்கள். அதற்கு முன்பே சோர்வு வந்துவிட்டது. அக்டோபர் தேர்தலில் அவர்கள் நிற்கவில்லை, நிற்கக்கூடாது என்பது கொள்கை, பழைய கட்சிகளே திரும்ப வந்தன. அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் முன்னால் நின்று சீர்திருத்தத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. போராட்டம் பொருளாதாரத்தைப் பற்றியது என்பதை அவர்கள் புரிந்துகொண்டதன் விளைவுதான் அது. ஆனால் அதில் முதலில் வந்தது புதிய தொழிலாளர் சட்டம், அதை எதிர்த்துத் தொழிற்சங்கங்களே தெருவுக்கு வந்தன. தொழிலாளி கேட்டதற்கு வந்த பதில் தொழிலாளியே எதிர்த்த சட்டமாகப் போனது எனக்கு வேதனை. டீட்டா ஆலையை மட்டும் 2015இல் தொழிலாளர்களே திறந்து ஓட்டினார்கள், பின்னால் அது வேறு நிறுவனத்திடம் போனது.

நம் பக்கத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள் இல்லாமல் வந்திருக்காது. அதே சட்டம் முன்பே நடந்துவரும் பணிகளைத் தொடாது என்றும் எழுதியிருக்கிறது. போராடி வாங்கிய சட்டத்தையும் கடைசிப் பிரிவு வரை படிக்க வேண்டும்.

ஆடுதுறை_43:

வெண்ணாறு அண்ணே, தேர்தலில் நிற்காதது துஸ்லாவின் பலவீனம் என்றுதான் நான் நினைக்கிறேன். வெட்டவென்டோஸியே 2010 டிசம்பரில் தேர்தலில் நின்றது, 12 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 2020இல் குர்த்தி பிரதமர், சில வாரத்தில் கவிழ்ந்தார், 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ பாதி ஓட்டோடு திரும்ப வந்தார்.

ஆனால் மதி, அங்கேயும் கதை நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் வடக்குக் கொசோவோவில் நான்கு நகராட்சிக்குத் தேர்தல், செர்பியர்கள் புறக்கணித்தார்கள், மூன்றரை சதவீதம்கூட ஓட்டுப் பதிவாகவில்லை. அந்த ஓட்டில் ஜெயித்த அல்பேனிய மேயர்களைக் குர்த்தி அரசு போலீஸ் காவலோடு அலுவலகத்தில் உட்கார வைத்தது. மே 29ஆம் தேதி அந்த நான்கில் ஒன்றான ஸ்வெச்சானில் செர்பியர்கள் கூடினார்கள், நேட்டோ அமைதிப்படையோடு மோதல், இரண்டு பக்கமும் பலருக்குக் காயம். அவர்கள் பின்னால் பெல்கிரேட், அதாவது செர்பிய அரசு, இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக, ஊரில் யாருமே ஓட்டுப் போடாத மேயர் எங்களுக்கு எப்படி மேயர் என்று கேட்கும் ஸ்வெச்சான்காரரின் கேள்வி பொய்யாகிவிடாது. 2007இல் குர்த்தி ஐ.நா.விடம் கேட்டதும் ஏறக்குறைய இதேதான்.

குடவாசல்_கண்ணன்:

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். 2004, 2007, 2023 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள் மதி, யார் கூடினார்கள், யாரிடம் கேட்டார்கள், யார் வந்து பேசினார்கள் என்று. எழுதி முடித்ததும் இங்கேயும் போடுங்கள், பேராசிரியர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.